வயர் நன்றாகத்தான் இருந்தது

பிப்ரவரி 9, ஞாயிறு

சவுண்ட் சர்வீஸ் மாரப்பன் என் பேஸ் கிட்டாரின் சத்தத்தை வேண்டுமென்றே வெட்டினார். இதில் ‘ஒருவேளை’ எதுவும் இல்லை. நேற்று மாலை, பொறியியல் கல்லூரி ஒன்றின் திறந்தவெளி மேடையில், மைதானம் நிறைந்த கூட்டத்துக்கு முன்னால் வெட்டினார்.

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். எங்கள் குழுவின் பெயர் ‘மூணாம் பிளாக்’. ஹவுசிங் போர்டில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் பெயரும் அதுதான். ரெஜினா பாடுவாள், ஆஸ்பத்திரியில் பில் போடுகிறாள். சந்துரு டிரம்ஸ், கிரைண்டர் கடையில் வேலை. நான் பேஸ், பம்ப் கம்பெனியில் தரப் பரிசோதகன். வார நாட்களில் எங்களை யாரும் கலைஞர்கள் என்று சொல்லமாட்டார்கள்.

கல்லூரி வாசலில் காவலாளி மற்ற குழுக்களுக்குச் சலாம் வைத்தார். எங்கள் பைகளை மட்டும் திறந்து பார்த்தார். எல்லாருக்கும் ஓய்வறை கொடுத்தார்கள். எங்களுக்கு ஜெனரேட்டர் பக்கத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. மூன்று பேருக்கு இரண்டு. நிகழ்ச்சித் தொகுப்பாளன் எங்கள் பெயரைப் படித்துவிட்டு, “மூணாம் பிளாக்கா? ஜெயில்லயா, ஆஸ்பத்திரிலயா?” என்றான். சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன். அதற்கே இன்னும் கோபம் ஆறவில்லை.

ரெஜினா எழுதிய ‘வாய்க்கால் மேடு’ பாட்டை எடுத்திருந்தோம். வாய்க்கால் ஓரத்து வீடுகளை இடித்த காலையைப் பற்றியது. அது பேஸில்தான் தொடங்கும். எட்டுச் சுற்று பேஸ் மட்டும். புல்டோசர் தூரத்தில் வரும்போது காதுக்கு முன்னால் காலுக்குக் கேட்குமே, அப்படி.

மதியம் சவுண்ட் செக்கில் அந்தச் சத்தம் மைதானத்தை அதிர வைத்தது. மாலையில் அதே பேஸ், அதே வயர். ஒரு முனகல்கூட இல்லை. இரண்டுக்கும் நடுவில், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் மேசையில் உட்கார்ந்திருந்தவர் மாரப்பன் ஒருவர்தான். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

நான் முதல் சுற்று வாசித்தேன். இரண்டாவது வாசித்தேன். விரல்கள் ஓடுகின்றன, சத்தம் இல்லை. கூட்டத்திலிருந்து ஒருவன் கத்தினான்: “ஊமைப்படம் ஓடுதுடோய்!” மைதானமே சிரித்தது. மாரப்பன் மிக்சர் மேசைக்குப் பின்னாலிருந்து கையைத் தூக்கி, எதையோ உருவிச் செருகுவதுபோல் சைகை காட்டினார். வயரைப் பார்க்கச் சொல்கிறாராம். என் பேஸை ஒவ்வொரு திருகாகப் பிரித்துக் கட்டியவன் நான். எனக்கே சொல்லித் தருகிறார்.

ரெஜினாவின் மைக்கைப் பிடுங்கினேன். “எங்க பேரு பிடிக்கல, எங்க ஏரியா பிடிக்கல, இப்ப எங்க சத்தமும் பிடிக்கல. அந்தா நிக்கறாரே, நீலச் சட்டை, அவருதான் வெட்டுனாரு. எந்தக் கை வெட்டுச்சோ அந்தக் கைய எல்லாரும் பாத்துக்கங்க!”

எல்லா போனும் அவர் பக்கம் திரும்பின. தூக்கிய கையை எப்போது இறக்குவது என்று தெரியாமல் அப்படியே நின்றார்.

பாடாமல் இறங்கினோம். பஸ்ஸில் ரெஜினா ஒரு வார்த்தை பேசவில்லை. தொண்டை கட்டியிருக்கும்.

பிப்ரவரி 10, திங்கள்

வீடியோ எங்கெங்கோ போய்விட்டது. கம்பெனியில் ஃபோர்மேன் தன் போனில் எனக்கே காட்டினார். “புத்தப்பிரியன்னு பேர வெச்சுக்கிட்டு இந்தக் கோவமாடா?” என்றார். கேண்டீனில் டீ வாங்கிக் கொடுத்தார்கள். இரண்டு அமைப்புகள் கண்டன அறிக்கை விட்டிருக்கின்றன. ஒரு யூடியூப் சேனல் பேட்டி கேட்கிறது.

அம்மா கேட்டாள்: “ஏஞ்சாமி, அந்த மனுசன் மூஞ்சி நம்ம சனமாட்டந்தான இருக்குது?”

“மேசை அவருது இல்லம்மா. ஆனா கை அவருது.”

“என்னமோ போ. கேஸ் சிலிண்டர் புக் பண்ணுனியா?”

மறந்துவிட்டேன்.

வீடியோவுக்குக் கீழே நிறையப் பேர் பேஸைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். எந்த ஊர் செய்தது, என்ன மரம். பெருமையாக இருந்தது. பதில் எழுதினேன்: பழைய பேஸ், தூக்கிப் போட இருந்தார்கள், வாங்கினேன். பெயின்டைச் சுரண்டி மரம் தெரிய விட்டேன். கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தக் கட்டையை மாற்றினேன். உள்ளே சத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும் ஒரு சின்னச் சர்க்யூட்டை நானே வைத்தேன். பின்பக்கம் பொந்து குடைந்து, கம்பெனியில் அலுமினியத்தில் மூடி அடித்து, செவ்வகப் பேட்டரி ஒன்று. வயரைச் செருகினால் பேட்டரி விழிக்கும். உருவினால் தூங்கும். வயர் செருகியே இருந்தால் வாசிக்காவிட்டாலும் பேட்டரி கரையும், அவ்வளவுதான் இதில் கவனம்.

வீட்டில் நான் உருவுவதில்லை. எழுந்ததும் எடுத்து வாசிக்க வசதி. சனிக்கிழமையும் சவுண்ட் செக் முடிந்து உருவவில்லை. அந்த ஆட்களை நம்பி வயரை விட்டுவிட்டு வர முடியுமா? செருகியபடியே ஸ்டாண்டில் சாய்த்துவிட்டு மாலை வரை வெளியில் நின்றோம்.

பிப்ரவரி 11, செவ்வாய்

வீட்டு ஆம்ப்ளிஃபையரில் பேஸைச் செருகினேன். பேட்டரி மாற்றினேன். வாசித்தேன்.

பிப்ரவரி 12, புதன்

பழைய பேட்டரி மேசையில் கிடக்கிறது. தலையில் இரண்டு குமிழ் உள்ள வகை. நாக்கில் வைத்தால் உயிர் இருக்கிறதா என்று தெரிந்துவிடும், சுருக்கென்று கடிக்கும். வைத்துப் பார்த்தேன். கடிக்கவில்லை. இன்னொரு முறை அழுத்தி வைத்தேன். இரும்பு வாசனை மட்டும்.

இதில் ஒன்றும் நிரூபணமாகவில்லை. அது சனிக்கிழமை செத்ததா, ஞாயிறு செத்ததா, யார் சொல்ல முடியும்? தரப் பரிசோதனையில் முதல் பாடமே இதுதான். குறை தெரிந்த நேரம் வேறு, குறை வந்த நேரம் வேறு.

கேஸ் சிலிண்டர் புக் செய்தேன்.

பிப்ரவரி 15, சனி

பேட்டி முடிந்தது. சின்ன அறை, கறுப்புத் திரை, ஏசி. பேட்டி எடுத்தவர் நன்றாகப் படித்தவர். “அந்த ஒலி அமைப்பாளர் கையை ஆட்டி உங்களைக் கேலி செய்ததாகச் சொல்கிறார்களே?” என்று கேட்டார்.

நான் அப்படிச் சொல்லவில்லை. வேறு யாரோ சொல்லியிருக்கிறார்கள். இல்லை என்று சொல்லியிருக்கலாம். “ஆமாங்க” என்றேன்.

காவலாளி, நாற்காலி, ஜெயிலா ஆஸ்பத்திரியா, எல்லாம் சொன்னேன். எல்லாம் உண்மை. சொல்லும்போது என் குரல் நடுங்கியது, அதுவும் உண்மை. நான் சொன்னதில் ஒன்றைத் தவிர எல்லாமே உண்மை.

வரும் வழியில் பேஸுக்குப் புதுக் கம்பி வாங்கினேன். கடைக்காரப் பையன் அடையாளம் கண்டு செல்ஃபி எடுத்தான். நாக்கில் அந்த இரும்பு ருசி மதியம் வரை இருந்தது.

பிப்ரவரி 16, ஞாயிறு

மொட்டை மாடியில் ஒத்திகை. தண்ணீர்த் தொட்டி நிழலில் டிரம்ஸைப் போடுவோம். நான்காவது பிளாக் ஆட்கள் துணி காயப்போட வந்து திட்டுவார்கள், நாங்கள் வாசிப்போம்.

சந்துரு குச்சியைச் சுழற்றிக்கொண்டே சொன்னான்: “டேய், மாரண்ணன் எங்க கடைக்கு வந்தாருடா.”

“கிரைண்டர் வாங்கவா?”

“கிரைண்டரு தூக்க. லோடு எறக்கறாரு. சவுண்ட் சர்வீஸ்காரன் அனுப்பிட்டானாம். காலேஜுல அவன்ற காண்ட்ராக்ட்டு போயிருச்சு, அவன் இவர அனுப்பிட்டான்.”

“முதலாளிங்க அப்படித்தான். எப்பவும் கீழ இருக்கறவன் தலைலதான் போடுவானுங்க.”

சொல்லிவிட்டு நிமிர்ந்தால் ரெஜினா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கல்லத் தூக்கறப்ப இடுப்பு பிடிச்சுக்கிச்சு,” என்றான் சந்துரு. “அந்தாளு பதினெட்டு வருசமா மிக்சர்ல உக்காந்தவருடா. அந்த உடம்புக்கு லோடு ஆகுமா?”

நான் ட்யூன் பண்ணத் தொடங்கினேன். ஏற்கெனவே சரியாக இருந்த கம்பிகளை.

பிப்ரவரி 18, செவ்வாய்

பிற்பகல் ஷிஃப்டுக்கு முன் கிரைண்டர் குடோனுக்குப் போனேன். சந்துருவுக்குச் சாப்பாடு கொடுக்கப் போவதாக எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். சந்துரு டெலிவரிக்குப் போயிருந்தான். அது எனக்குத் தெரியும்.

மாரப்பன் கல் அடுக்குக்குப் பக்கத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தார். அதே நீலச் சட்டை, தூசியில் வெளுத்து. என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். நான்தான் ஓடியிருக்க வேண்டும். அவர் எழுந்து நின்றார்.

“வாங்க தம்பி. சந்துரு இல்லீங்களே.”

“சும்மாதாண்ணா.”

“உக்காருங்.” சாக்கில் இடம் விட்டார். நான் உட்காரவில்லை. கொஞ்ச நேரம் இருவரும் கிரைண்டர்களைப் பார்த்தோம்.

“தம்பி, உங்களக் கண்டா ஒண்ணு சொல்லணும்னு இருந்தனுங்க,” என்றார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் இப்போது இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். “நான் வேணும்னு வெட்டலீங்க தம்பி. எங்க வீடும் வாய்க்கால் மேட்டுலதான் இருந்துச்சு. மத்தியானம் அந்தப் பொண்ணு பாடிப் பாத்துச்சே, கேட்டுட்டு எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. சாயங்காலத்துக்குத்தான் காத்துட்டு இருந்தனுங்க.”

நான் அடுக்கியிருந்த கல் ஒன்றின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தேன்.

“ஆனா தெனமும் யோசிக்கறேன். அன்னைக்குக் காலைல இருந்து சோறு திங்கல. கண்ணு மங்கலா இருந்துச்சு. நடுவுல என்ற கையே பட்டு உங்க லைனு போயிருக்குமோ என்னமோ. பட்டிருந்தா என்ற தப்புதானுங்க. மன்னிச்சிருங்க.”

செய்யாத தப்பைத் தன் கைக்குள் தேடிப் பார்த்து எடுத்து வந்து என்னிடம் நீட்டினார்.

பிறகு, மிகவும் தயங்கி, “எதுக்கும் ஒண்ணு கேட்டுக்கறனுங்க. அன்னைக்கு உங்க வயரு நல்லாத்தான இருந்துச்சு?” என்றார்.

“வயர் நல்லாத்தாண்ணா இருந்துச்சு.”

“அப்ப என்ற கைதான்,” என்றார். தலையை ஆட்டிக்கொண்டார்.

வயர் நன்றாகத்தான் இருந்தது. நான் பொய் சொல்லவில்லை.

பிப்ரவரி 19, புதன்

வேலைக்குப் போகவில்லை. காய்ச்சல் என்றேன். அம்மா நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். “சுடலியே” என்றாள்.

பிப்ரவரி 20, வியாழன்

பேஸில் சில மாற்றங்கள் செய்ய முடிவு செய்தேன். உள்ளே இருக்கும் சர்க்யூட் சத்தத்தைச் செயற்கையாக்குகிறது. வெறும் காந்தமும் கம்பியும் போதும். அடிச்சத்தம் இன்னும் இயல்பாக, மண் மாதிரி வரும். வெகுநாளாகவே யோசித்து வந்ததுதான்.

சர்க்யூட்டைக் கழற்றினேன். ஒயர்களை நேராக, வயர் செருகும் ஜாக்கில் பற்றவைத்தேன். பின்பக்கப் பொந்தில் தேக்குத் துண்டு ஒன்றை அறுத்து இறுக்கி, பசையில் மரத்தூள் குழைத்து இடுக்கு அடைத்து, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டேன். ரேகை ஓரளவு ஒத்துப்போகிறது. தடவினால் தெரியாது. பார்த்தால் தெரியும்.

என் கை வேலைகளிலேயே இதுதான் சுத்தமானது. முடித்துவிட்டுப் பேஸை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தேன். காதெல்லாம் சூடாக இருந்தது.

செத்த பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போட்டேன். பிறகு எடுத்துவிட்டேன். ஏன் என்று தெரியவில்லை. பேஸ் பையின் பக்க ஜிப்பில் இருக்கிறது.

பிப்ரவரி 23, ஞாயிறு

அமைப்பு ஒன்று எங்களுக்கு ஆதரவாகக் கூட்டம் போடுகிறது. மார்ச் ஒன்றாம் தேதி, தொழிற்சங்க அரங்கத்தில். ‘வாய்க்கால் மேடு’ அங்கே முதல்முறையாக அரங்கேறும். அதற்கான ஒத்திகை இன்று.

இடைவேளையில் சந்துரு பேஸை எடுத்து மடியில் குப்புறப் போட்டு அதன் முதுகில் தாளம் தட்டினான். நிறுத்தினான்.

“இங்க ஒரு மூடி இருந்துச்சேடா? பேட்டரிப் பொந்து?”

“அடைச்சிட்டேன்.”

“எதுக்கு?”

“வெயிட்டு.”

“ஒரு பேட்டரி வெயிட்டா? நீ என்ன ஒலிம்பிக்குக்கா போற?” சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. அவன் முட்டாள் இல்லை.

ரெஜினா எழுந்து வந்து, அடைத்த இடத்தில் விரலை வைத்தாள். சுற்றிலும் மெதுவாக ஓட்டினாள்.

“சந்துரு, கீழ போய் டீ வாங்கிட்டு வா.”

“மூணா?”

“ரெண்டு. இவனுக்கு வேணாம்.”

அவன் படியிறங்கும் சத்தம் ஓய்ந்ததும் கேட்டாள். “அன்னைக்கு பேட்டரி செத்திருச்சா?”

பேஸைத் துணியால் துடைத்தேன்.

“எப்பத் தெரியும் உனக்கு? பேட்டிக்கு முன்னாடியா, பின்னாடியா?”

துடைத்தேன்.

“முன்னாடி,” என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்குப் பேச வரும். “அந்தக் காவலாளி நம்ம பையத் தொறந்தது பொய்யா? ஜெனரேட்டர்கிட்ட உக்கார வெச்சது பொய்யா? அவன் ஜெயிலான்னு கேட்டது பொய்யா? இப்பப் போய் பேட்டரின்னு சொன்னா அத்தனையும் பொய்யாயிரும் ரெஜினா. நாளைக்கு வேற ஒருத்தன் நெசமாவே வெட்டுப்பட்டாலும், ‘மொதல்ல பேட்டரியப் பாரு’ம்பானுங்க. யோசிச்சுப் பாரு.”

“யோசிச்சேன். நீ சொல்றது சரிதான்.”

அதை நான் எதிர்பார்க்கவில்லை.

“சரிதான்,” என்றாள். “அதுக்கு முட்டுக் குடுக்க மாரண்ணன் இடுப்புதான் கெடச்சுதா உனக்கு? அந்தத் தொகுப்பாளன நீ கையக் காட்டல. முன்வரிசைச் சேர்ல உக்காந்திருந்த பெரியவனுங்க ஒருத்தனையும் காட்டல. வயரு சுத்துற ஆளத்தான காட்டுன? அவருதான் திருப்பி அடிக்கமாட்டாரு.”

கீழே தண்ணீர் லாரி ஹாரன் அடித்தது. குடத்தோடு ஆட்கள் ஓடும் சத்தம்.

“அந்தப் பாட்டு நான் ஒரு வருசமா எழுதுனது. நீ பேசறதுக்கு மைக்கு வேணும்னு என்ற கையில இருந்து பிடுங்கிட்ட. பரவால்ல. ஆனா மைக்குல சொன்னத மைக்குலதான் திருப்பி வாங்கணும். ஒண்ணாந்தேதி சொல்லு. நான் பக்கத்துல நிக்கறேன்.”

“பார்க்கலாம்” என்றேன்.

சந்துரு மூன்று டீயோடு வந்தான். என்னால் குடிக்க முடியவில்லை.

பிப்ரவரி 26, புதன்

கம்பெனியில் ஒரு லாட் முழுக்க ரிஜெக்ட் செய்தேன். சிவப்பு அட்டை கட்டும்போது ஒவ்வொன்றையும் இரண்டு முறை அளந்தேன். இரும்பு வார்ப்பு என்றால் மட்டும் அளக்கிறேன்.

அம்மா ரேஷனுக்குப் போய் வந்து சொன்னாள்: “கடையில எல்லாரும் உன்னப் பத்தித்தான் பேசறாங்க சாமி. ‘உங்க பையன் நெருப்பு’ன்னாங்க.” அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. அப்பா செத்த பிறகு முதல்முறையாக ரேஷன் கடையில் அவளை வரிசைக்கு முன்னால் விட்டார்களாம்.

பிப்ரவரி 28, வெள்ளி

நாளைக்குச் சொல்ல வேண்டியதை எழுதிப் பார்த்தேன். ‘தொழில்நுட்பக் கோளாறு காரணமாக’ என்று தொடங்கினேன். அடித்தேன். ‘ஒரு தவறான புரிதலால்’ என்று தொடங்கினேன். அடித்தேன். ‘நான்’ என்று தொடங்கினேன். அதற்கு மேல் ஓடவில்லை.

ரெஜினா என்னைக் கேட்காமல் விட்டுவிடுவாள். பாட்டு அவளுடையது. மறுபடியும் கெட விடமாட்டாள்.

மார்ச் 2, ஞாயிறு

நேற்று அரங்கம் நிறைந்திருந்தது. மேடைக்குப் பின்னால் என் படம் போட்ட பேனர். வாய் திறந்திருக்கிற படம். தலைவர் ஒருவர் எனக்குத் துண்டு போர்த்தினார். அம்மா இரண்டாவது வரிசையில், ஈஸ்டருக்கு ரெஜினா வீட்டில் கொடுத்த சேலையில்.

வேறொரு சவுண்ட் சர்வீஸ். பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளை இறக்க அன்றைக்கு மட்டும் கூலிக்கு வந்தவர்களில் மாரப்பனும் இருந்தார். இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டியிருந்தார். இறக்கி முடித்துப் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. கடைசிப் பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார். பாட்டைக் கேட்க வேண்டுமாம், சந்துருவிடம் சொன்னாராம்.

நான் தொடங்கினேன். முதல் சுற்று. பேட்டரி இல்லாத, வெறும் கம்பியும் காந்தமுமான சத்தம், அரங்கத்தின் தரை வழியாக வந்து என் செருப்பைத் தொட்டது. நான் கட்டிய பேஸ் இவ்வளவு நன்றாக ஒலித்ததே இல்லை. முதலில் கை தட்டியது மாரப்பன். தரையிலிருந்து எழுந்து, என்னைப் பார்த்து, கேட்கிறது தம்பி, நன்றாகக் கேட்கிறது என்று கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். அவர் முகத்தில் இருந்தது நிம்மதி. இன்றைக்கு யார் கையும் படவில்லை என்ற நிம்மதி.

எட்டாவது சுற்று முடிந்தது. ரெஜினா வரவேண்டிய இடம். வரவில்லை. மைக்கை ஸ்டாண்டிலிருந்து உருவி, என் வாய்க்கு நேராக நீட்டினாள்.

“பாடறதுக்கு முன்னாடி பிரியன் ஒண்ணு சொல்லணும்,” என்றாள். “அன்னைக்கு மேடையில சத்தம் ஏன் வரல? நீயே சொல்லு.”

கூட்டம் இதை நிகழ்ச்சியின் பகுதி என்று நினைத்துக் கைதட்டியது. “சொல்லு தோழா!” என்று யாரோ கத்தினார்கள். அம்மா பக்கத்திலிருந்தவளிடம் என்னைக் காட்டினாள்.

நான் மறுபடியும் முதல் சுற்றிலிருந்து வாசித்தேன்.

சந்துரு குச்சிகளைத் தொடை மேல் வைத்துவிட்டுக் குனிந்துகொண்டான். மூன்றாவது சுற்றில் கைதட்டல் ஓய்ந்தது. நான்காவதில் இருமல்கள். மாரப்பன் இன்னும் நின்றுகொண்டிருந்தார். கட்டை விரலை இறக்கிவிட்டிருந்தார். ஏதோ குறை என்று நினைத்து மிக்சர் மேசையை எட்டிப் பார்த்தார், பிறகு தன் கைகளைப் பார்த்தார்.

புதுக் கம்பி விரலைக் கிழித்தது. நிறுத்தவில்லை. மைக் என் வாயிலிருந்து ஒரு விரற்கடை தூரத்தில், அசையாமல். என் மூச்சு அரங்கம் முழுக்கக் கேட்டது.

“வாசிச்சது போதும் பிரியா,” என்றாள். அதுவும் கேட்டது. “சொல்லு.”